மீட்டரின் சத்தம்

பெங்களூரு ஜோகுபாளையத்திலிருந்து பஸ் மாறி ஹெப்பகோடித் தொழிற்சாலைக்கு வந்து, ஐரின் லேசர் இயந்திரம் இருக்கும் சின்ன அறைக்குள் நுழைந்ததும் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். லேசர் ஓடும்போது வேறு யாரும் உள்ளே வரக்கூடாது. அம்மா மரியா இறந்தபிறகு வீட்டுக்கும் யாரும் வருவதில்லை.

அவளிடம் வருவது இதயத்துடிப்பைப் பார்க்க நெஞ்சில் ஒட்டும் பட்டைகளுக்கான பிளாஸ்டிக் தாள்கள். ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் கடத்தும் பாலிமர் பூசியிருக்கும். லேசர் அந்தப் பூச்சை முடியைவிட மெல்லிய கோடாக எரித்து, தனித்தனிப் பாதைகளாகப் பிரிக்கும். கோடு சரியாக விழுந்ததா என்று கண்ணுக்குத் தெரியாது, மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கும் மீட்டர்தான் சொல்லும். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் கோட்டுக்கு ஒரே பக்கம் வைக்க வேண்டும். மின்சாரம் பாய்ந்து 'பீப்' என்று கேட்கும். பிறகு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வைத்தால் சத்தமே வரக்கூடாது.

நாள் முழுக்க அவளுக்குப் பதில் சொல்வது அந்தப் 'பீப்' ஒன்றுதான். சில நாள் அதற்கு "சரி, சரி" என்றுகூடச் சொல்லிவிடுவாள்.

வெள்ளிக்கிழமையோடு அவளுடைய ஆறு மாத ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பது சூப்பர்வைசர் லாயிட் கையில். புதன்கிழமை தாள்களை எடுத்துப்போகும் வேன் சீக்கிரமே வந்துவிட, அவசரத்தில் ஐரின் முதல் சோதனையை விட்டுவிட்டாள். நாற்பது தாளிலும் சத்தமில்லை. நிம்மதியாகக் கட்டி அனுப்பினாள்.

நாற்பதில் ஒரு தாள் மட்டும் கட்டில் சேராமல் கையில் மிச்சம். பழக்கத்தில் ஒரே பக்கம் முனைகளை வைத்தாள். அப்போதும் சத்தமில்லை. தாளைத் திருப்பிப் போட்டு முனைகளை மறுபடி வைத்தாள். பீப்.

தாள்கள் எல்லாமே லேசரில் தலைகீழாக ஏறியிருக்கின்றன. அவள் சோதித்தது வெறும் பிளாஸ்டிக்கை. அது எப்போதும் பேசாது.

வெளியே வேன் உறுமிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் நெஞ்சில் ஒட்டப்போவது என்று நினைத்ததும் ஓடிப்போய் வேனை நிறுத்தினாள்.

லாயிட் தாள்களைப் புரட்டிப் பார்த்தான். "ஏன்க்கா, மீட்டர் தூங்குச்சா, நீங்க தூங்கினீங்களா?"

"நான்தான் லாயிட். முதல் டெஸ்ட்ட விட்டுட்டேன்."

அவன் நெற்றியைத் தேய்த்தான். நாற்பதும் குப்பைக்குத்தான் என்றான். வேலை போகாது, அவளே வந்து சொன்னதால் நீட்டித்துவிடலாம் என்றும் சொன்னான்.

"ஆனா நாளையிலிருந்து டெஸ்ட்டிங்க வெளிய, ஸ்டோர்ல இருக்கற கிருத்திகா பார்ப்பா. நீங்க லேசர் மட்டும் ஓட்டுங்க. மீட்டர அவகிட்ட குடுத்துடுங்க."

ஐரின் தலையாட்டினாள். அறைக்குள் போய் மீட்டரின் ஒயரை ஒழுங்காகச் சுற்றினாள். கொடுப்பதற்கு முன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தாள்.

பீப்.

"சரி" என்றாள்.