சீலை கட்டிய ரிக்‌ஷா

காய்ந்த கொச்சிக்காய் மூட்டையை எங்கேயாவது அவிழ்த்தால் போதும், இப்போதும் என் நெஞ்சு இறுகும். கண்டியில் மச்சானுடைய கடைக்கு மேல்மாடி. பலகைத் தரை. கீழே கிடக்கும் மூட்டைகளின் மிளகாய்க் காரம் பலகை இடுக்கால் ஏறி வரும். வந்தது வெளியே போகாது. யன்னல்களை ஆணியடித்துச் சாத்தி, அதன்மேல் சாக்கும் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே என் கூடப்பிறந்த ராத்தா வெள்ளை உடுத்து இத்தா இருந்தாள். கணவன் போன பெண் பிற ஆண்களின் கண்ணில் படாமல் மறைந்திருக்கும் காலம் அது.

மச்சான் காய்ச்சலில் மௌத்தாகி மாதமொன்று போகவில்லை. மற்றப் பெண்களுக்கென்றால் இத்தாவுக்கு ஒரு கணக்குண்டு. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு, பெறும்வரை. ராத்தாவுக்கு ஐந்தாம் மாதம். முந்திய பிள்ளை தங்காமல் போனவள். சோறு இறங்கவில்லை, தூக்கமில்லை. உட்கார்ந்தபடியே, ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கினாள். மடவளையிலிருந்து பஸ் ஏறி வருவேன். படியேறும்போதே அந்த மூச்சு கேட்கும்.

யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவரைக் கூட்டிவந்தேன். திரைக்கு இப்பால் நின்று, நீட்டிய கையில் நாடி பார்த்தார். பிறகு தன் நெற்றியைத் துடைத்தார்.

"எனக்கே இஞ்சை நெஞ்சை அடைக்குது. இந்தப் பிள்ளைக்கு மரமும் காத்தும் வேணும். பகலிலை எங்கையேன் கொண்டுபோங்கோ. இல்லாட்டி வயித்திலை இருக்கிறதுக்கு நான் பொறுப்புச் சொல்லேலாது."

"இத்தாவில ஈக்கிற புள்ளய காட்டுக்கா?" ராத்தாவின் மாமி பாய்ந்தார். "ஊர் சிரிக்கவா? ஏன்ட மகன்ட கபுறு மண் இன்னும் காயல்ல."

"பிள்ளையும் உங்கட மகன்ரைதானே, அம்மா," என்றார் டொக்டர். இறங்கிப் போய்விட்டார்.

பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டோம். மருந்துக்காகப் பகலில் வெளியேறலாம், மறைவு முக்கியம் என்றார். அந்த மறைவை மாமி இறுகப் பிடித்துக்கொண்டார். ரிக்‌ஷாவின் நான்கு பக்கமும் தடித்த சீலை கட்டி, விளிம்புகளை ஊசி நூலால் தைத்தும் விட்டார். இழுப்பவர் ஒருவர், தள்ளுபவர் ஒருவர். வாவிக்கு மேலே உள்ள காட்டுக்கு ஏறினோம். மாமி குடையோடு பக்கத்திலேயே நடந்தார்.

"உள்ள பொண்ணாங்க, அரிசி மூட்டைங்களா?" என்று முனகினார் இழுத்தவர்.

"இழுக்கிறத இழு," என்றார் மாமி.

மேலே நிழல். ஈர இலை மணம். ரிக்‌ஷாக்காரர்களை வளைவுக்குக் கீழே அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். சீலைக்குள் மூச்சு கூடியதே தவிரக் குறையவில்லை. இதற்கா வந்தோம்? சுற்றிலும் அத்தனை பச்சை. அவளுக்கு மட்டும் இருட்டு.

"தம்பி," உள்ளேயிருந்து குரல். "அந்த அறையத்தானே இங்க தூக்கிட்டு வந்து வச்சீக்கிறீங்க."

அடுத்த கணம் தையல் கிழிந்தது. ராத்தா இறங்கி, தடுமாறி, ஒரு மரத்தில் இரண்டு கையையும் ஊன்றினாள். முக்காட்டைத் தள்ளினாள். அதே நேரம் மேல்வளைவில் பூட்ஸ் சத்தம், நாய்க் குரைப்பு, ஆண்களின் சிரிப்பு. வெள்ளைக்காரர்கள்.

"உள்ளுக்கு ஏறு!" மாமி கிழிந்த சீலையைத் தூக்கிப் பிடித்தார். "புள்ள, ஏறு!"

"ஏற மாட்டேன் மாமி. இப்பதான் மூச்சு வருது."

சத்தம் நெருங்கியது. அவளை இழுக்கப் போன மாமியின் கை, அவள் முதுகில் பட்டு அங்கேயே நின்றது. முதுகு ஏறி இறங்கியது. மெல்ல, இன்னும் மெல்ல. மாமி கையை எடுத்தார். குடையை விரித்தார். ராத்தாவை மறைத்துக்கொண்டு, பாதையை முறைத்தபடி நின்றார். வந்தவர்கள் அந்தக் கறுத்தக் குடையை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். நாய் மட்டும் நின்று மோந்தது.

"ச்சீ, போ! ஒனக்கென்ன பார்வ?" என்றார் மாமி.

சீலை கிழிந்த பக்கத்தை மாமி குடையால் மறைத்துவர, மலை இறங்கினோம். கடைவாசலில் ராத்தா தானாகவே படியேறிப் போனாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மாமியின் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. நாளை அந்தக் கதவு திறக்குமோ, திறக்காதோ. கேட்கப் பயந்து ஸலாம் மட்டும் சொன்னேன். பதில் ஸலாம் சொல்லி, திரும்பிப் பாராமலே சொன்னார்:

"நாளைக்கு லுஹர் தொழுகைக்கு முந்தி வா மகன். சுணங்கினா நானே புள்ளய கூட்டிட்டுப் போயிருவேன்."