கயிறு தொட்டவருக்கு ஒரு கூறு

காணொளி மிகச் சிறியது. விடிந்தும் விடியாத கடற்கரை. சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்த ஒருவர் மஞ்சள் நிறத் துணிப்பையை விரித்துப் பிடிக்கிறார். இன்னொருவர் அதில் இரண்டு கை மீனை அள்ளிப் போடுகிறார். பையை வைத்திருப்பவர் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். அலைச் சத்தத்தில் அது கேட்கவில்லை. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "படகுக்குச் சான்று கொடுக்கும் அரசு ஊழியர் படகுக்காரர்களிடம் மாமூல் வாங்குகிறார்."

அரசு ஊழியர்கள் நடத்தை விதிகளை மீறியதாக வரும் புகார்களை முதலில் விசாரித்து அறிக்கை எழுதுவது என் வேலை. அதற்கு முன் இதே ஊரில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். படத்தையும் படத்துக்குக் கீழே உள்ள வரியையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும் என்பது அங்கே கற்றது. வரியை விரலால் மறைத்துக்கொண்டு காணொளியை மறுபடி ஓட்டினேன். மீனும் பையும் சிரிப்பும் மட்டும் இருந்தன. விரலை எடுத்தேன். சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் அலுவலகம் பழைய கட்டடம். உயரமான கூரை. மதியத்தில் மரச் சன்னல்களின் இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழுந்து, கோப்புகளின் மேல் மெல்ல ஏறி இறங்கும். மின்விசிறி அத்தனை உயரத்தில் சுற்றுவதால் காற்று கீழே வருவதற்குள் மறந்துவிடும். அங்கே உட்கார்ந்திருக்கும்போது எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோலத் தோன்றும். அந்த வெளிச்சக் கோடுகளுக்கு நடுவில்தான் புகாருக்கு ஆளான ஊழியர் வந்து நின்றார்.

நாற்பது வயது இருக்கும். எண்ணெய் வைத்து வாரிய தலை, உள்ளே சொருகிய சட்டை. கடலோர மீனவர் குப்பமான வைத்திக்குப்பத்தில் பிறந்து, அங்கேயே வசிப்பவர். தன் தெருவில் முதலில் அரசு வேலைக்கு வந்தவரும் அவர்தான். கடலோரத் துறை ஒன்றில் களப்பணி. எந்தப் படகு உண்மையிலேயே கடலுக்குப் போகிறது, எது கரையில் கிடந்து உளுத்துப்போகிறது என்று பார்த்துச் சான்று எழுத வேண்டும். அந்தச் சான்று இருந்தால்தான் படகுக்காரருக்கு அரசு உதவி.

கைபேசியை அவர் பக்கம் திருப்பினேன்.

"இதுல இருக்கறது நீங்கதானே?"

"நான்தான் மேடம்." குனிந்து பார்த்தார். "தொப்பை கொஞ்சம் கூடத் தெரியுது."

"மீன் யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல மேடம். அது என் கூறு."

கரைவலை என்றால் என்ன என்பதை அவர் எனக்கு மேசை மேல் விரலால் வரைந்து காட்டினார். வலையின் ஒரு கயிறு கரையில் இருக்கும். படகு வலையைக் கடலில் வளைத்து விட்டபடி போய், மறுமுனைக் கயிற்றைக் கொஞ்சம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவரும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். இழுக்க ஆள் எப்போதும் போதாது. அதனால் வழியில் போகிறவர், குளிக்க வந்தவர், யார் வேண்டுமானாலும் கயிற்றைப் பிடிக்கலாம். பிடித்தவருக்குக் கடைசியில் ஒரு கூறு மீன் உண்டு. அவர் வேலைக்குக் கிளம்புமுன் காலையில் கயிறு பிடிப்பார். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

"வேலைக்கு வந்த பிறகு நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்தினா, பெரிய ஆபீசராய்ட்டியாடான்னு கேப்பாங்க மேடம்." மேசையைத் துடைப்பதுபோல் தடவி, "கேக்காம இருந்தாங்கன்னா அது இன்னும் மோசம்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதித் தரச் சொன்னேன். மறுநாள் வந்த விளக்கம் நல்ல கையெழுத்தில் இருந்தது. வாசித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் எழுதியிருந்தார்: நான் வலை இழுத்தேன், மீன் அதற்காக எனக்குத் தரப்பட்ட கூலி.

"கூலின்னு யார் எழுதச் சொன்னது?"

"எங்க ஆபீஸ்ல சொன்னாங்க மேடம். அன்பளிப்புன்னு ஒத்துக்கினாத்தான் தப்பாம். உழைச்சு வாங்கினேன்னு எழுதிட்டா ஒன்னும் பண்ண முடியாதாம்." தேர்வில் சரியான விடை எழுதியவரின் முகம்.

அவருக்கு யாரும் சொல்லாதது இது. தன்னிடம் சான்றுக்கு வருகிறவரிடம் அன்பளிப்பு வாங்குவது ஒரு விதியை மீறுவது. அனுமதியில்லாமல் வெளியே கூலி வேலை பார்ப்பது இன்னொரு விதியை மீறுவது. முதல் குழியிலிருந்து தப்பிக்கத் தாவி, அதைவிட ஆழமான குழியில் அவரே குதித்திருந்தார். அதற்குக் கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.

அதை விளக்கியபோது அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனாமுக்கு மாத்திடுவாங்களா மேடம்?"

எங்கள் நிர்வாகத்தில் தண்டனைக்கு ஒரு வரைபடம் உண்டு. மலையாளம் பேசும் மாஹே, தெலுங்கு பேசும் ஏனாம். இரண்டும் எங்கள் யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தவைதான். இரண்டுக்கும் போக இன்னொரு மாநிலத்துக்குள் நெடுநேரம் பயணம் செய்ய வேண்டும். குற்றம் உறுதியானால் பெரும்பாலும் அங்கேதான் மாற்றல்.

"இன்னும் எதுவும் முடிவாகல" என்றேன்.

"ஏனாம்லயும் தண்ணி இருக்குதாம் மேடம்," என்றார் சன்னலைப் பார்த்தபடி. "ஆனா அது ஆறு."

போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

நேரில் பார்க்காமல் இதை எழுத முடியாது என்று தோன்றியது. அவரிடம் சொல்லாமல் ஒரு நாள் காலை வைத்திக்குப்பம் போனேன். அந்தக் காலையை இன்றும் என்னால் முழுமையாக விழித்துக்கொண்டு நினைக்க முடிவதில்லை. கடலுக்கும் வானத்துக்கும் நடுவே கோடே இல்லை. இரண்டும் ஒரே பால் நிறத்தில் இருந்தன. படகுகள் மணலில் படுத்திருந்தன. அவற்றுக்கு நடுவில் ஆட்கள் அசைவது, யாரோ தூக்கத்தில் புரள்வதுபோல் இருந்தது. அலைத் தடுப்புக்குக் கொட்டிய கற்கள் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் இரண்டு வரிசையாகக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பின்னோக்கி நடந்தபடியே இழுத்தார்கள். வரிசையின் கடைசியில் இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் போய்த் தண்ணீரோரத்தில் மறுபடி பிடித்துக்கொள்வார். யாரும் எங்கும் போகாமல், எல்லோரும் போய்க்கொண்டே இருந்தார்கள். வலை எங்கே என்று தெரியவில்லை. கடல் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு இழுப்பதுபோல் இருந்தது.

வரிசையில் அவரும் இருந்தார். என்னைப் பார்த்தார். வணக்கம் சொல்லக் கை ஒழியவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

நன்றாகப் பார்ப்பதற்காக நெருங்கினேன். மணலில் தொய்ந்து கிடந்த கயிறு என் காலருகே திடீரென்று விறைத்து எழும்பியது. தடுமாறினேன். விழாமல் இருக்க அதையே பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சொரசொரப்பாக, உயிருள்ளதுபோல் இருந்தது. மறுமுனையில் எதுவோ என்னை மெல்ல அழைத்தது. விட்டுவிட வேண்டும் என்று தெரிந்தது. விட்டால் பின்னால் இருப்பவர் கையில் பாரம் போகும் என்றும் தெரிந்தது. விடவில்லை.

"அப்டித்தான் தங்கச்சி, சாஞ்சு இழு, சாஞ்சு இழு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மடி கரையேறியபோது வெயில் வந்துவிட்டது. வலையின் பை போன்ற அந்தக் கடைசிப் பகுதியில் காரப்பொடி மீனும் நெத்திலியும் வெள்ளியாகத் துடித்தன. வலைக்காரர், தலையில் துண்டு கட்டிய முதியவர், மணலில் கூறு கூறாகப் பிரிக்கத் தொடங்கினார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன்.

"இவன் வெவகாரமா?" அவர் நிமிரவில்லை. "மீனையும் வாங்கிக்குவான், போன வருசம் எம் படகு ஓடலன்னும் எழுதிட்டுப் போவான். இவன்லாம் லஞ்சத்துக்கு லாயக்கே இல்லமா."

"ஓட்டைப் படகை ஓடுதுன்னு எழுத முடியுமா பெரிப்பா?" என்றார் ஊழியர், சட்டையை உதறியபடி.

"ஒனக்கு அது படகுல இருந்த ஓட்டை. எனக்கு அது நெஞ்சுல."

மீன் வாங்கக் கூடையோடு காத்திருந்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் வலைக்காரர் ஒரு கூறை அள்ளி என் பக்கம் நீட்டினார்.

"எனக்கு வேணாங்க."

"இன்னாது வேணாமா? கயித்தப் புடிச்ச இல்ல?"

"விழாம இருக்கத்தான் புடிச்சேன்."

"எதுக்குப் புடிச்சன்னு வலைக்குத் தெரியுமா?"

நான் விசாரிக்கும் புகாரில் அவர் சாட்சி. சாட்சியிடம் எதையும் வாங்கக் கூடாது. அதைச் சொன்னேன். கூடைக்காரப் பெண் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், எனக்குக் கேட்கும்படியே, "எங்கூட்டு மீனு அவங்களுக்கு ஆவாதாம்" என்றார். வலைக்காரரின் கை நீட்டியபடியே இருந்தது. விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டியது. நான் அவரைப் பார்க்கவில்லை, நான் விசாரிக்க வந்த ஊழியரைப் பார்த்தேன். அவர் முகத்தில் கேலி எதுவும் இல்லை. ஒவ்வொரு காலையும் தனக்கு நேர்வது இன்னொருவருக்கு நேரும்போது எப்படி இருக்கும் என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்கிக்கொண்டேன். கேலி செய்த பெண்ணே அதை நாளிதழில் சுற்றிக் கொடுத்தார். நான் வேலை பார்த்த நாளிதழ்தான். தலைப்புச் செய்தி நனைந்து மறுபக்கத்தோடு கலந்துகொண்டிருந்தது.

நேராக அலுவலகம் போய்ப் பொட்டலத்தை மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் சைவம். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"என்ன மேடம் இது?"

"அன்பளிப்பு சார். இல்லன்னா கூலி. விசாரணைக்குப் போன இடத்துல வாங்கினேன். எழுத்துலயும் குடுத்துடறேன்."

"வாங்கினத அரசுகிட்ட ஒப்படைக்கணும்னு சொல்லுவாங்களே."

"எந்த பீரோல வைக்கட்டும் சார்?"

மூக்கைப் பொத்தியபடியே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அவரை எனக்குப் பிடிப்பதே இதற்காகத்தான். சிரித்ததற்காக எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"வாங்காம வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம் சார். அங்க நின்னு பாத்தா முடியல."

"சரி. ஆனா நீங்க அந்த ஆளோட படகுக்குச் சான்று எழுதப் போறதில்ல. இவர் எழுதறார். கரையில நிக்கிறவனுக்கு அது கூறு. ரோட்டுல நின்னு பாக்கிறவனுக்கு? சான்று கிடைக்காத ஒருத்தன் அந்தப் பையைப் பாத்தா என்ன நினைப்பான்?"

காணொளியை எடுத்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்கு அப்போது தெளிவாயிற்று. அவர் நின்ற இடத்திலிருந்து கயிறு தெரியவில்லை. பை மட்டும்தான் தெரிந்தது.

பொட்டலத்தைக் காவலாளி வெளியே கொண்டுபோனார். கட்டடத்துப் பூனைகள் அவர் பின்னால் வரிசையாகப் போயின.

அறிக்கையை எழுதினேன். அது லஞ்சமும் அல்ல, கூலியும் அல்ல, கயிறு தொட்ட எவருக்கும் தரப்படும் பங்கு என்று நேரில் கண்டதை எழுதினேன். நானும் ஒரு பங்கு வாங்கியதை எழுதினேன். ஆனாலும், யாரோடு மீனைப் பங்கிட்டுக்கொள்கிறாரோ அவர்களுடைய படகுக்கு அவரே சான்று எழுதுவது சரியல்ல என்பதையும் எழுதினேன். ஒரு எச்சரிக்கையோடு முடிந்தது. ஏனாம் இல்லை. வைத்திக்குப்பத்துப் படகுகளை வேறொருவர் பார்ப்பார். இவர் இனி நகரத்துக்கு வடக்கே பிள்ளைச்சாவடிப் படகுகளுக்குச் சான்று எழுதுவார்.

ஆணையை வாங்கியவர் இரண்டு முறை படித்தார்.

"அப்ப எங்க ஊர்ல கயிறு புடிக்கலாமா மேடம்?"

"அங்க நீங்க இனிமே வெறும் ஊர்க்காரர்தான்."

"அது போதும் மேடம்." கதவு வரை போய்த் திரும்பினார். "பிள்ளைச்சாவடில?"

பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பிறகு மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது பிள்ளைச்சாவடிக் கரையில் அவரைப் பார்த்தேன். கடல் மறுபடியும் வானத்தோடு கலந்திருந்தது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் குறைவு. கயிறு மணலில் தயங்கித் தயங்கி வந்தது. அவர் நன்றாகத் தள்ளி, உள்ளே சொருகிய சட்டையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சாரே, சும்மாதான நிக்கிற, ஒரு கை புடியேன்!" என்று வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்.

அவர் சிரித்தபடி மாட்டேன் என்று தலையாட்டினார்.

"பாத்தியா, சட்டை கசங்கிடுமாம்" என்று இன்னொருவர் சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. அவர் காது வரை சிவந்தார். அசையவில்லை.

நான் பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இழுப்புக்குக் குரல் கொடுப்பவர் குரல் கொடுத்தார். கயிறு ஒரு முழம் ஏறியது. முதுகுக்குப் பின்னால், ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. பிடிபட்ட கையின் விரல்கள் மட்டும் அந்தக் குரலுக்கு மூடின, திறந்தன, மறுபடி மூடின.

அருகே போகாமல் திரும்பி நடந்தேன்.