திருமலைக் குகையில் ஒரு பட்டிழை

இன்று எங்கள் அலுவலகத்தின் பழைய கிடங்கைத் திறந்ததும் வௌவால் நாற்றம் முகத்தில் அடித்தது. என் சுட்டுவிரல் தானாக மடங்கிக்கொண்டது.

சிறுவயதில் அக்காவும் நானும் அப்பாவோடு, எங்களுக்கு நைனா, ஆரணிப் பக்கத்துத் திருமலைக்குப் போயிருந்தோம். சமணர் குகையில், ஓவியங்களைத் தாண்டி ஓர் இருட்டுப் பொந்து.

"இது ஆரணி கோட்டை வரைக்கும் போவுதாம்டா" என்றாள் அக்கா. நைனாவின் தறியிலிருந்து எடுத்துவந்த பட்டுநூல் கண்டின் நுனியை என் சுட்டுவிரலில் கட்டினாள். "வழி தப்பாம வரத்தான். கெட்டியா புடிச்சுகினு இரு." டார்ச்சோடு உள்ளே தவழ்ந்தாள்.

நைனா தேடி வந்தபோது நூல் விறைப்பாக இருந்தது. நான் இழுக்கப்போனேன்.

"இழுக்காதடா, அறுந்துடும்!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் நூல் தொய்ந்தது.

"அறுந்துச்சா நைனா?"

அவர் பொந்துக்குள் தலையை விட்டுக் கூப்பிட்டார். தோள் நுழையவில்லை. வௌவால்கள்தான் வெளியே வந்தன.

வெகுநேரம் கழித்து வெளிச்சம் தெரிந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் நூலைக் கண்டில் சுற்றியபடி அக்கா நகர்ந்து வந்தாள்.

"கூப்ட்டா குரல் குடுக்க மாட்டியாடி?"

அவள் டார்ச்சை எடுத்தாள். "வாயில இது இருந்துச்சு நைனா. ஜல்தியா வந்தா பட்டு சிக்காயிடும்னு சுத்திகினே வந்தேன்."

அடிக்க ஓங்கிய கை கண்டை வாங்கியது. சிக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் நைனா அழுதார்.