இரண்டும் ஒன்றுதான் என்றேன்

உக்கடம் குளக்கரையில் ஞாயிறு காலைகளில் பறவைகளைப் படம் எடுக்கும் ஏழெட்டுப் பேரில் நானும் ஒருவன். பம்பு செட் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. எதையும் அளந்து பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். எங்களோடு சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு நர்ஸ், தான் எடுத்த கூழைக்கடா படத்தை வாட்ஸப்பில் போட்டாள். கண்ணைச் சுற்றியிருந்த தோல் சுருக்கம்கூடத் தெரிந்தது. எல்லோரும் அதையே பேசினார்கள். அதே காலை அதே பறவையை நானும் எடுத்துப் போட்டிருந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லென்ஸ்தான் காரணம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அவளுடையதை ஒரு வாரம் இரவல் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போங்கண்ணா. இதுக்கெல்லாம் கேக்கோணுங்களா?" என்று பையோடு கொடுத்தாள்.

கருப்பும் வெள்ளையுமாகக் கட்டம் அச்சிட்ட தாளை வீட்டுச் சுவரில் ஒட்டினேன். என் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு லென்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டு எடுத்தேன். கருப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் விளிம்பைக் கம்ப்யூட்டர் அளந்து கோடாக வரைந்து காட்டும். படம் கூர்மையானால் கோடு செங்குத்தாக ஏறும். மங்கலானால் சரிந்து ஏறும். என்னுடையது செங்குத்தாக நின்றது. அவளுடையது சரிந்து கிடந்தது. மூன்று முறை எடுத்தும் மாறவில்லை.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "உங்களுதுதான் நல்லாருக்குதா? அப்புறம் ஏனுங்க மூஞ்சி இப்படி இருக்குது?"

அந்த நர்ஸ் மட்டமான லென்ஸை வைத்துக்கொண்டு அப்படி எடுத்திருக்கிறாள். இனி எதைக் குறை சொல்வது? வயிறு எரிந்தது.

திருப்பிக் கொடுத்தபோது அவளே கேட்டாள். "அண்ணா, உங்களுதாட்டவே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறனுங்க. படம் இன்னும் தெளிவா வருங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அம்மணி. வீணா செலவு பண்ணாதீங்க. நான் அளந்தே பாத்துப்போட்டேன்."

அளந்தவன் சொன்னதால் நம்பிவிட்டாள்.

அதன்பின் அவள் போடும் ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, எங்காவது மங்கல் இருக்கிறதா என்று தேடினேன். இறகு நுனியில் கொஞ்சம் தெரிந்தால் உள்ளூர மகிழ்ந்தேன். அந்த மங்கலுக்கு நானே காரணம் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டு கோடுகளையும் அவளுக்கு அனுப்பி, என் லென்ஸே மேல், அதுபோல ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

"அன்னிக்கு ஒண்ணுன்னு சொன்னீங்களேண்ணா?" என்று பதில் வந்தது.

'பொறாமை' என்று தட்டினேன். உடனே அழித்துவிட்டு, "சரியாப் பாக்காம சொல்லிப்போட்டேனுங்க" என்று அனுப்பினேன்.

அடுத்த மாதமே புது லென்ஸ் வாங்கினாள். அதில் எடுத்த முதல் படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கும் மங்கல் இல்லை.