ஏலக்காய்த் தேனின் இரண்டு ஊதாப் புள்ளிகள்

எழுபதுகளின் நடுவில் கிழக்குப் பாலக்காட்டில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. கண்ணாடிக் குழாய் கழுவுவது, புட்டிகளை அடுக்குவது, சார் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவது. மூன்றாவதில்தான் எனக்கு நல்ல தேர்ச்சி.

சார் தென்னந்தோப்பும் வயலுமுள்ள பெரிய குடும்பத்துக்காரர். எந்தப் பூவின் தேனில் எந்த அமினோ அமிலம் என்று கண்டுபிடித்து உலகத்தை அசத்தப் போவதாக நினைப்பு. ரப்பர்த் தேன், புளியம்பூத் தேன், ஏலக்காய்த் தேன் என்று புட்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டை வடிதாளின் கீழ்விளிம்பில் வைத்து, ஜாடிக்குள் நாற்றம் பிடித்த திரவத்தில் நிறுத்துவோம். திரவம் மேலே ஏற ஏற அமிலங்கள் பிரிந்து ஆளுக்கொரு உயரத்தில் நின்றுகொள்ளும். நின்ஹைட்ரின் மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினால் ஊதாப் புள்ளிகளாய் முகம் காட்டும். புரோலின் மட்டும் மஞ்சள். அது எல்லாத் தேனிலும் இருந்தது. அதனால் சாருக்கு அதன்மேல் மரியாதையே இல்லை.

ஏலக்காய்த் தேனில் மட்டும் தாளின் மேற்பக்கம் இரண்டு ஊதாப் புள்ளிகள் கூடுதலாக வந்தன. "பாத்தீங்களா அம்மிணி, வேறெந்தத் தேன்லயும் இது கெடையாதுங்க" என்று சார் துள்ளினார். அன்றிலிருந்து, அந்த இரண்டு புள்ளி இல்லாவிட்டால் அது வெறும் சீனிப்பாகு என்று சட்டமாகிவிட்டது. மலையிலுள்ள ஒரு தேன் சங்கமும் அவரை நம்பித் தன் புட்டிகளை எண் மட்டும் ஒட்டி அனுப்பியது.

ஒரு நாள் சார் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். நானே தாள்களைச் சாமண இடுக்கியால் பிடித்து வேலையை முடித்தேன். அன்று ஏலக்காய்த் தேன் என்று வந்தது ஏழாம் எண் ஒன்றுதான்; அதில் புள்ளி வரவில்லை. மறுநாள் சார் பார்த்துவிட்டு, "கலப்படம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஏழாம் எண், உடும்பஞ்சோலை மலையில் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த என் பெரியப்பாவின் தேன். லீவுக்குப் போனபோதுதான் தெரிந்தது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் விளைச்சலைக் காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்து வாசலில் ஏலம் விடுவார்கள். வருஷாவருஷம் பெரியப்பா தேனுக்குத்தான் போட்டி. சங்கத்துக்குப் போன "கலப்படம்" ஊரெல்லாம் பரவி, அந்த வருஷம் ஒரு கை உயரவில்லை. "சீனிக்காரன் தேனா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, சபையே சிரித்ததாம். பெரியம்மா சொல்லி அழுதாள். பெரியப்பா கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். அவர் சீனி கலக்குகிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்து சாரையே கவனித்தேன். ஏலக்காய்த் தேன் என்றால் அவருக்கு உயிர். புட்டி திறந்ததும் விரலை விட்டு நக்குவார். அதே விரல்களால் அந்தத் தாளின் மேல்விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். ரப்பர்த் தேனை மோந்துகூடப் பார்க்க மாட்டார். அந்தத் தாள்களெல்லாம் என் சாமணத்துக்கு. தேனே தொடாத வெறும் தாள் ஒன்றை அவர் கையில் கொடுத்து வாங்கி மருந்து தெளித்தேன். இரண்டு ஊதாப் புள்ளிகள், ரேகையோடு!

"சார், இது உங்க வேர்வையிலயும் எச்சில்லயும் இருக்கிற அமிலம்" என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாள் கம்பெனிக்காரன் ஏமாத்திப்போட்டானுங்க அம்மிணி" என்றார்.

அடடா, என்ன மூளை! இந்த மனுஷனிடம் வாதாடுவது வீண் வேலை. பெரியப்பாவின் புட்டியை எடுத்து நீட்டி, "நீங்களே ஒருதடவ செஞ்சு பாருங்க சார், உங்க கைக்குத்தான் சரியா வருது" என்றேன். நக்கினார், பிடித்தார், புள்ளிகள் வந்தன. "சுத்தமான ஏலக்காய்த் தேன்" என்று முத்திரை குத்திச் சான்றிதழ் கொடுத்தார்.

அதைத் தூக்கிக்கொண்டு உடும்பஞ்சோலைக்கு ஓடினேன். நடந்ததையெல்லாம் சொல்லி, சாரைப் போலவே விரலை நக்கியும் காட்டினேன். பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியப்பா சிரிக்கவில்லை. சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப மொதல்ல எழுதுனதும் பொய்யி, இப்ப எழுதுனதும் பொய்யி. என் தேன எவந்தான் தாயி பாத்தான்?"

ஏழாம் எண்ணில் புள்ளி இல்லை என்று கண்டதும், "எவன் இந்தத் திருட்டுப் பயல்?" என்று முதலில் கேட்டது சார் இல்லை, நான்தான்.