இனிப்பாகப் பேசு

ஹடப்சர் மராத்திப் பள்ளி அடுக்களையிலிருந்து எள் வறுபடும் வாசனை வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாளைக்குச் சங்கராந்தி. திண்டிவனத்திலிருந்து வந்து இங்கே சேர்ந்த செல்விக்குத் துணையாக, சனிக்கிழமைதோறும் அவளோடு உட்காருகிறேன். நாலு வாரமாக அவள் வாயே திறக்கவில்லை. "ஏதாவது பேசும்மா" என்று நானும் விடாமல் நச்சரிக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து இந்தப் பக்கத்து நிக்டிக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. மராத்தி தெரியாமல் வகுப்பில் ஊமையாகவே இருந்தேன். எட்டாம் வகுப்பு வர்ஷா அக்காவை எனக்குத் துணையாகப் போட்டிருந்தார்கள். இடைவேளையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் டப்பாவைத் திறப்பாள். பேசு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சங்கராந்தியன்று வகுப்பே என் கையில் எள்ளுருண்டையைத் திணித்து, "இனிப்பாகப் பேசு" என்று மராத்தியில் சொன்னது. அந்த அளவுக்கு எனக்குப் புரியும். கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். கடைசியில் வர்ஷா அக்காவும் அதையே சொல்ல, உருண்டையை அவள் மேலேயே விட்டெறிந்தேன்.

அவள் என்னைத் தலைமையாசிரியை அறைக்கு இழுத்துப்போனாள். பள்ளியே நடுங்கும் அந்த அம்மாளிடமும் பிள்ளைகள் வரிசையில் நின்று உருண்டை கொடுத்து, "இனிப்பாகப் பேசுங்கள்" என்றார்கள். சங்கராந்திக்கு எல்லோரிடமும் சொல்லும் வழக்கம் அது என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் வரிசையில் நின்று சொன்னேன். அந்தப் பள்ளியில் நான் வாய்திறந்து பேசிய முதல் பேச்சு அதுதான்.

அடுக்களை அம்மா இரண்டு உருண்டை கொண்டுவந்து தந்தார். ஒன்றைச் செல்வியிடம் நீட்டினேன். பேசு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது, கஷ்டப்பட்டு விழுங்கினேன்.

அவள் கடித்தாள். முகம் சுளித்தாள்.

"கல்லாட்டம் இருக்குக்கா."