வைப்பர் இல்லாத கார்

தனுஷ்கோடி போகும் சாலையில் என் பட்டறை. அன்று அங்கே நான் இருந்தேன். ஸ்பிரிங் பட்டை மாற்ற வந்த லாரி டிரைவர் இருந்தார். கூரையில்லாத கார்க்காரர் இருந்தார். அவர் மனைவி இருந்தார்.

பாகம் பாகமாக வாங்கி அவரே பூட்டிய கார் அது. ஒல்லியான மனிதர். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. எது பேசினாலும் முன்கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே பேசுவார்.

“வைப்பர் மாட்டாம நான் ஏற மாட்டேன்” என்றார் மனைவி.

“மேல கூரையே இல்ல. மழை பேஞ்சா நம்மளே நனையப் போறோம். கண்ணாடிக்கு மட்டும் என்ன?”

“அப்பக் குளிக்க சோப்பு வச்சிருக்கீகளா?” என்று கேட்டார் லாரி டிரைவர்.

“வைப்பர் மழைக்கு இல்லண்ணே. கடத்தண்ணி தெறிக்கும்” என்றேன். கார்க்காரர் நம்பவில்லை.

“வாங்க, போய்ப் பாத்துருவோம்” என்று என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

இருபுறமும் கடல் நெருங்கும் இடத்தில் காற்று அலையை அள்ளி அடித்தது. கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. ஒரு கையால் எட்டித் துடைத்தார். உப்பு இன்னும் அப்பிக்கொண்டது. எதிரே வேன் ஹாரன் அடித்தது. பாதி எழுந்து கண்ணாடிக்கு மேலே பார்த்தார். அடுத்த அலை அவர் கண்ணிலேயே அடித்தது. நான் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் இழுத்தேன். வேன் உரசாமல் போனது. கார் மணலில் புதைந்து நின்றது.

மணலைத் தள்ளி, காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினோம். நான் துளை போடும் மெஷினை எடுத்ததும் கார்க்காரர் சொன்னார்.

“ஒண்ணு போதும்ணே. அவ பக்கம் மட்டும்.”

“ஓட்டுறது நீங்கதான?”

“வழிய அவ பாத்துச் சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சா வேகமாப் போயிருவேன்.”

அவர் சிரிக்கவில்லை. மனைவியும் சிரிக்கவில்லை. அது விளையாட்டா நிசமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் மாட்டியது இரண்டு.